பேர் சொன்ன தம்பி

“யாருன்னு பேரைச் சொல்லுப்பா. மென்னு முழுங்காதே,” என்றார் மருத்துவமனை மேலாளர்.

டோக்கன் பதிவுகளெல்லாம் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அன்று காலை எந்தக் கவுண்டரிலும் டோக்கன் வராமல் எல்லாம் நின்றுபோனது. கூடத்தில் நோயாளிகள் கூச்சல் போட்டார்கள்; நின்று நின்று மயங்கி விழுந்த ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

மேலாளருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது நின்றால் யாரையாவது திட்ட வேண்டும் என்பதுதான். இந்த வாரம் அவன் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறவரும் அவர்தான்.

“இது பொய் சொல்லாது சார்,” என்று திரையைக் காட்டினான். “சிஸ்டத்துக்குள்ள இருக்கறவங்களை நொடிக்கு ஒரு தடவை போட்டோ எடுத்து வெச்ச மாதிரி. யாரு யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு அப்படியே இருக்கும். ஒருத்தர் டோக்கன் எண்ணைத் திருத்தறதுக்குத் திறந்துட்டு, சேவ் பண்ணாம விட்டுட்டாங்க. மத்தவங்க எல்லாரும் அவங்க பின்னாடி மாட்டிக்கிட்டாங்க. நான் வந்து அந்த இணைப்பை வெட்டினதும்தான் ஓட ஆரம்பிச்சுது.”

“கதை போதும். யாரு?”

“மூணாம் கவுண்டர்... எங்க அக்கா சார்.”

கவுண்டர்காரர்கள் எல்லோரும் அறையில்தான் இருந்தார்கள். அவனுக்குக் காது மடல் சுட்டது. மேலாளரிடம் கெஞ்சி அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளே அவள்தான்.

போதாக்குறைக்கு, திரையில் மாட்டிக்கொண்டு காத்திருந்தவர்களின் வரிசையிலும் அக்காவின் பேர் இருந்தது. தன் வழியைத் தானே மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், இப்படியும் ஒரு அசடா என்று அவன் அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

அக்கா திருதிருவென்று விழித்தாள். “நானா? என் ஸ்கிரீனும்தானே சார்...” என்று ஆரம்பித்தவள், தம்பியைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

“ஆமா சார். நான்தான். கவனிக்காம விட்டுட்டேன்.”

மேலாளர் பிடி பிடியென்று பிடித்தார். நாளையிலிருந்து அவளுக்குக் கவுண்டர் கிடையாது, கீழ்த்தளத்தில் பழைய கோப்பு அறைதான் என்றார். பிறகு அவன் தோளில் தட்டினார். “சொந்த அக்கான்னும் பாக்காம சொன்னே பாரு. நாளைக்கே உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்.”

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அக்கா தன் தண்ணீர் பாட்டிலையும் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் எடுத்துக்கொண்டு வந்தபோது, படிக்கட்டில் அவளை மடக்கினான்.

“எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியே அக்கா! நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள மொத்த ஆஸ்பத்திரியையும் நிறுத்திட்ட. இனிமே கேன்டீன்ல எவன் முகத்துல முழிப்பேன்? இவன் அக்காதான் அதுன்னு கை காட்டிச் சிரிக்க மாட்டாங்க?”

அக்கா மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன். எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன், திறந்தா மூடணும்னு!”

அவள் படிக்கட்டின் மேலும் கீழும் எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

“காலையில என் கவுண்டர்ல டோக்கன் எண் தப்பா வருதுன்னு உனக்கு போன் பண்ணினேன்ல,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “என் பேர்லயே உள்ள போயி திருத்தறதா சொல்லி, உன் சீட்டுல இருந்துக்கிட்டே என் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினே.”

அக்கா ஒரு படி இறங்கி, அவன் பக்கம் திரும்பினாள்.

“டீ குடிக்கப் போறப்ப, திறந்ததை மூடிட்டுப் போனியாடா?”