ஜசிராவைத் திட்டும் பாட்டு

ஜசிரா வாசலில் தலை காட்டியதும் பாஞ்சோ இசை சட்டென்று நின்றது.

கைமத்தளம் மட்டும் சேதி தெரியாமல் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டு அடங்கியது.

ஞாயிறு மதியம். மதுரேய்ராவில் அந்த வீட்டுக் கொல்லையில், மாமரத்தடி மேசையைச் சுற்றி ஐந்து வாத்தியக்காரர்கள். அவர்களைச் சுற்றி, வியர்த்து வழிந்தபடி அறுபது பேர்.

அவர்கள் பாடிக்கொண்டிருந்தது அவளைத் திட்டும் பாட்டு.

மூன்று மாதமாகக் கொல்லையில் அந்தச் சம்பா பாட்டுதான் கொடி கட்டிப் பறந்தது. கட்டியவன் வால்டெசிர், அவள் விட்டுவிட்டு வந்த புருஷன். பீன்ஸைக் கருகவிடுபவள், தெருநாய் மிரண்டோடும்படி குறட்டை விடுபவள், முத்தம் கேட்டால் கொட்டாவி தருபவள் என்று இரண்டு சரணம். ரொட்டிக்கடையில்கூட அவளைக் கண்டதும் அந்த மெட்டைச் சீட்டியடித்தார்கள்.

கவாக்கினியோ என்ற குட்டி கிதாரின் சன்னக் குரல் இந்தக் கூச்சலில் எடுபடாது என்று பாஞ்சோவுக்கு மாறியவன் வால்டெசிர். இப்போது அதன் பின்னால் ஒளிய இடம் தேடினான்.

ஜசிரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையருகே வந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? என் பாட்டுதானே, பாடுங்கப்பா!"

சிரிப்பு வெடித்தது. பாட்டு மறுபடி கிளம்பியது. உள்ளங்கை சிவக்கத் தாளம் போட்டாள் ஜசிரா. குறட்டை வரிக்கு இடுப்பை வெட்டி ஒரு சுற்று ஆடவும் செய்தாள்.

இரண்டாவது சரணம் முடிந்ததும் மத்தளக்கார அமாரோ வழக்கம்போலக் கத்தினார்.

"டேய் வால்டெசிர், மூணாவது சரணம் இன்னும் வேகலையாடா?"

வால்டெசிர் அசடு வழிந்தான்.

மூன்றாவது சரணத்தை ஜசிரா பாடினாள்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ரயில் நிலையப் படியில் நிற்பேன், வந்து கூட்டிப்போ.

கொல்லையே துள்ளிக் குதித்தது. நின்ற நிற்பில் கட்டிய வரிகள் என்று அமாரோ சத்தியம் செய்தார்.

வால்டெசிரின் விரல்கள் மட்டும் தந்தியிலேயே உறைந்துவிட்டன.

வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று ஜசிரா ஒரு கடிதம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். 'நீ' என்று இருந்த இடத்திலெல்லாம் 'அவள்' என்று மாற்றியதுதான் வால்டெசிர் அந்தப் பாட்டின் வரிகளுக்குச் செய்த ஒரே வேலை.

அவன் திருப்பியே பார்க்காத அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்ததை இன்றைக்குத்தான் கேட்கிறான்.