எமில்ராஜ் சேரின் லைன்

“எட்டு புரொசெசர் உள்ள சேர்வரெண்டு சொல்லித்தானே தந்தவங்கள்? பிறகேன் பிள்ளை எல்லா வகுப்பிலையும் சத்தம் வெட்டி வெட்டி வருது?”

நல்லூரில் இணையவழி ரியூசன் நடத்தும் பிரகலாதன் கேட்டார். அதைச் சரிசெய்ய வந்திருந்த பொறியியலாளர் கஜானி, திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எட்டும் இருக்கு, அண்ணை. ஆனா வெளியிலையிருந்து சத்தமும் படமும் துண்டு துண்டா வாற பாக்கெட் எல்லாத்தையும் முதலாவது புரொசெசர்தான் வாங்குது. மற்ற ஏழும் சும்மா கிடக்கு.”

“அப்ப எட்டுக்கும் பிரிச்சு விடுமன்.”

“கண்டபடி பிரிக்க ஏலாது. ஒரு இணைப்பிலை வாற பாக்கெட் எல்லாம் ஒரே புரொசெசருக்குப் போகோணும். இல்லாட்டி முன்னுக்கு வந்தது பின்னுக்குப் போய்ச் சத்தம் குழம்பும்.”

நெட்வேர்க் கார்ட்டில் பாக்கெட்டுகள் வந்து சேரும் வரிசைகளை அவள் ஒவ்வொன்றாக ஒவ்வொரு புரொசெசருடனும் சேர்த்துவிட்டாள்.

பின்னேர வகுப்புகள் தொடங்கின. கணக்கும் பௌதிகமும் கண்ணாடிபோலக் கேட்டன. ஹெட்செற்றைக் காதில் வைத்து ஒவ்வொரு வகுப்பாகக் கேட்டு வந்த பிரகலாதனின் முகம், இரசாயனவியலில் மாறியது.

“எமில்ராஜ் சேரின்ரை வகுப்பு இன்னும் வெட்டுது.”

எமில்ராஜ் பருத்தித்துறையில், தன் வீட்டிலிருந்தே படிப்பிக்கும் ஆசிரியர். திரையில் அவர் எழுதும் தாள் மட்டும் தெரிந்தது. குரல் நின்று நின்று வந்தது. கஜானி எண்களைச் சரிபார்த்தாள்.

“எங்கடை பக்கம் ஒரு பாக்கெட்டும் தவறிப்போகேல்லை, அண்ணை.”

“அப்ப அவரின்ரை வீட்டு லைன்தான். ஆளை நான் நேரை கண்டதுமில்லை. கேப்பமெண்டா போனும் எடுக்கமாட்டார், மெசேஜ்தான் போடுவார். தாய் தேப்பன்மார் ஒரே முறைப்பாடு. நீர் ஒருக்கா நேரை போய்ப் பாரும். சரிவராட்டி வேறை ஆளைத்தான் போடோணும்.”

மறுநாள் கஜானி பருத்தித்துறை பஸ் ஏறினாள்.

எமில்ராஜ் கேற்றைத் திறந்தார். மெலிந்த மனிதர், சட்டைக் கையில் மை பட்டிருந்தது. வந்த காரியத்தையும் பிரகலாதன் சொன்னதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் ஒரேயொரு வசனம்தான் பதில் சொன்னார்.

அதைக் கேட்ட கஜானி மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. முற்றத்தில் நின்றபடியே பிரகலாதனை அழைத்தாள்.

“அண்ணை, லைன்தான் பிழை. இதைவிடத் திருத்த ஏலாது.”

“அப்ப ஆளை மாத்துவமோ?”

“ஏன் மாத்துறியள்? அவரிட்டைப் படிக்கிற பிள்ளையள் விட்டிட்டுப் போனவையோ?”

“இல்லை. அவரின்ரை வகுப்புக்குத்தான் கூடப் பிள்ளையள் வருகினம்.”

“பேந்தென்ன? எழுதுறது வடிவாத் தெரியுது. சேர் விளங்கப்படுத்துறது பிள்ளையளுக்கு விளங்குது. இஞ்சை லைன் அப்பிடித்தானெண்டு தாய் தேப்பனுக்குச் சொல்லுங்கோ.”

பிரகலாதன் இணங்கினார்.

“சரி, அவரே நடத்தட்டும்.”

கஜானி போனைப் பையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். எமில்ராஜ் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதடுகள் இறுகின, கண்கள் மூடித் திறந்தன.

“சி... சின்னனிலையிருந்து நா... நான் கதைக்கிறது இ... இப்பிடித்தான், பிள்ளை.”