ஏழு தடவை

டப்பிங் அறையில் மைக் முன்னால் அவள் நிற்கிறாள். வயது ஐம்பதைத் தாண்டியும் குரல் இருபதிலேயே நின்றுவிட்டது. அதனால் இந்தப் போர்ப் படத்தில், விமானியோடு வயர்லெஸ்ஸில் பேசும் பெண்ணுக்கு அவள்தான் குரல். நிஜப் போருக்கு விமானம் ஓட்டப் போன அவள் மகனிடமிருந்து மூன்று நாளாகத் தகவல் இல்லை. வசனத் தாளின் மேல் கைப்பேசி இருண்டு கிடக்கிறது. திரையின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் ஆடுகிறது. “நான் பேசறது கேக்குதா? பதில் சொல்லுங்க!” என்கிறாள். முன்பே பதிவான விமானியின் குரல் ஹெட்போனில் கரகரக்கிறது: “கேக்குது… நல்லாக் கேக்குது.” பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. “பிரமாதம்க்கா, அடுத்த சீன் போலாம்,” என்கிறார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர். “வேணாம் தம்பி, கொஞ்சம் பிசிறடிச்சிடுச்சு. இன்னொரு தடவை.” “ஏழு தடவை ஆச்சுக்கா. பிசிறுமில்ல, ஒரு மண்ணுமில்ல.” “போடுங்களேன்.” அவர் அவளுடைய இருண்ட கைப்பேசியைப் பார்க்கிறார், பொத்தானை அழுத்துகிறார். திரையில், விழுந்த விமானம் பின்னோக்கி எழும்பி மேகத்துக்குள் போகிறது. அவள் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். இந்தத் தடவை வருவது ஐம்பது வயதுக் குரல். “நான் பேசறது கேக்குதாடா, கண்ணு?” “கேக்குது,” என்கிறான் விமானி. “நல்லாக் கேக்குது.”