முதல் பத்து அனல் நாட்கள்

தே-ஷெங் நாளைக்குப் படிக்கப்போகும் உரையை மனைவியின் நூடுல்ஸ் கடை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு ஒருமுறை வணக்கம் சொல்லிப் பார்த்தார்.

உரையின் தலைப்பு: 'அனல்காற்று மலையிறங்க ஒரு நாள்.'

தைவானின் தைதுங் ஊரில் சில நாள் மலையைத் தாண்டி வரும் காற்று அனலாகக் கொட்டும். எப்போது கொட்டும் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. தபால் நிலைய எழுத்தர் தே-ஷெங்குக்குப் பிடிபட்டுவிட்டது.

ஆதாரம் அவருடைய இணையதளம். கடை வாசலில் வெள்ளைப் பெட்டிக்குள் மாட்டிய வெப்பமானி ஒன்பது வருடமாக அனுப்பிய அளவுகளிலிருந்து, மிக வெப்பமான பத்து நாட்களை முகப்பிலேயே பட்டியல் போட்டிருந்தார். மலையடிவாரத்து ஊரில் பான் வாத்தியாரும் அப்படியொரு தளம் வைத்திருந்தார். அதிலும் ஒரு முதல் பத்து.

வாத்தியார் வீட்டில் அனல் அடித்த மறுநாள் இவர் கடை வாசலில் அடித்திருக்கிறது. பத்தில் ஏழு முறை, பிசகாமல் ஒரே நாள் இடைவெளி. மீதி மூன்றும் கருவிக் கோளாறு என்று அடிக்குறிப்பு எழுதியாயிற்று.

நாளை வானிலை ஆர்வலர் கூட்டம். ஐம்பத்தாறு வயதில் இப்போதுதான் அவரை ஒரு மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் பான் வாத்தியார் உட்கார்ந்திருப்பார்.

மேஜை துடைக்க வந்த மனைவி பெய்-யுன் பட்டியலை எட்டிப் பார்த்தாள். அவருடைய வெயில் பைத்தியத்தில் அவள் தலையிடுவதே இல்லை.

"ஜனவரி ஏழா? அன்னைக்கு நம்ம கடையோட சந்திர வருஷக் கடைசிப் படையல் ஆச்சே. குளிர்ல வெறைச்சுப்போய் நின்னேன்."

குளிர்காலத்திலும் அனல்காற்று வரும் என்று விளக்கத் தொடங்கிய தே-ஷெங் பாதியில் நிறுத்தினார். கைபேசியை எடுத்து, பட்டியலிலுள்ள தேதிகளுக்குச் சந்திர மாதத்தில் என்ன நாள் என்று பார்த்தார்.

பதினாறு. இரண்டு. பதினாறு. இரண்டு.

கடைக்காரர்கள் மண்ணின் சாமிக்குப் படைத்து, தகர உலையில் காணிக்கையாகத் தங்கத்தாள் எரிக்கும் நாட்கள். மத்தியானம் எரிப்பார்கள். தே-ஷெங் அப்போது தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருப்பார்.

வாத்தியாரின் பட்டியலையும் பார்த்தார். ஒன்று. பதினைந்து. வீடுகளில் எரிக்கும் நாட்கள்.

காற்று மலையிறங்கவே இல்லை.

"உலைய எங்க வச்சு எரிப்ப?"

"வாசல்லதான், உங்க வெள்ளப் பொட்டிக்குக் கீழ. அங்கதான் தாள் பறக்காம எரியும்."

தே-ஷெங் கூட்டத் தலைவரைக் கூப்பிட்டு, தொண்டை கட்டிக்கொண்டது, பேசவே முடியவில்லை என்று கணீரென்று சொன்னார். பிறகு கணினியைத் திறந்து, பத்தாவது நாளிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். அவமானத்தில் காது சிவந்திருந்தது.

பெய்-யுன் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள். அவர் முதலிடத்துக்கு வந்ததும் வாய் திறந்தாள்.

"அது மட்டும் இருக்கட்டுமே."

நாற்பத்து நான்கு புள்ளி எட்டு டிகிரி. பான் வாத்தியாரை அவர் முந்திய நாள்.

"வாத்தியார் உங்களத் தாண்டிட்டாருன்னு அந்த வாரம் பூரா சாப்பிடாம படுத்துக் கெடந்தீங்க. பாக்க முடியல. நீங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டு அன்னைக்கு மூணு கட்டு சேத்து எரிச்சேன். சாமி அப்பவே குடுத்துருச்சு."

தே-ஷெங் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒன்பது வருடத்தில் தன் தளத்துக்காக இவ்வளவு பாடுபட்ட ஆள் வேறு யாருமில்லை என்று தோன்றியது. அழிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

'முதல் பத்து அனல் நாட்கள்' என்ற தலைப்பின் கீழ் இன்றுவரை ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.