வாசலில் ஈரக் காலணி

மைக்கைப் பிடித்திருந்த கை வியர்த்தது. புழுக்கத்தால் அல்ல. கோபத்தால்.

மேடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்து புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மார்கரெட் ஆஷ்வெல். பின்னால் தொங்கிய பேனர் அப்படித்தான் சொன்னது. 'பழைய இங்கிலாந்தின் மர்மங்கள். எட்டு நாவல்கள், எட்டு ஊர்கள்.'

எட்டையும் எழுதியவள் மைக்கோடு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லி நிற்க வைத்திருந்தார் பதிப்பாளர் கோதண்டபாணி.

மூலமே இல்லாத நூலுக்கு மொழிபெயர்ப்பாளர்.

மார்கரெட் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. விழுப்புரத்தில், பெண்கள் பள்ளியில் புவியியல் பாடம் நடத்திவிட்டு வந்து, சமையலறை மேசையில் அவள் தமிழிலேயே எழுதிய கதைகள் அவை. யார்க் நகரத்து மதில், பாத் நகரத்து வெந்நீர்க் குளம், கேன்டர்பரி தேவாலயம். ஒன்றையும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எந்த மாதம் எவ்வளவு மழை, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், ஆறு எங்கே வளையும் என்பதெல்லாம் அத்துப்படி. நாலாவது நாவலில் கொலைகாரன் மாட்டிக்கொண்டதே ஓர் அக்டோபர் மழையால்தான்.

"இங்கிலாந்துக் கதைய விழுப்புரத்துக்காரங்க எழுதினா யாரும்மா வாங்குவா? அடுத்த புத்தகத்துல உங்க பேரப் போட்டுடலாம்."

எட்டு முறை சொன்னார் கோதண்டபாணி. எட்டு முறையும் நம்பினாள். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் அவள் வகுப்பிலேயே ஒரு பெண் மேசைக்கடியில் வைத்துப் படித்து மாட்டிக்கொண்டாள். மார்கரெட் மாதிரி யாராலும் எழுத முடியாது மிஸ் என்றாள். இவள் புத்தகத்தைப் பறிமுதல் செய்தாள். வேறென்ன செய்வது.

இன்று புத்தகக் கண்காட்சியில் ஒன்பதாவது நாவலின் அட்டையை வெளியிட்டார்கள். தெர்மாகோல் கோட்டை, காகிதக் கோப்பையில் தேநீர், வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு பிளம் கேக்.

அட்டையில் மார்கரெட் ஆஷ்வெல். எழுத்து இந்த முறை இன்னும் பெரிது. பின்னட்டையில் புகைப்படம் வேறு.

புகைப்படத்திலும் நாற்காலியிலும் இருந்தவள் பாண்டிச்சேரிக்கு யோகா கற்க வந்தவள். இங்கிலாந்துக்காரிகூட இல்லை. ஏதோ விளம்பரத்துக்கு நடிக்கவேண்டும் என்று அழைத்து வந்திருந்தார்கள். பாவம், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். செருப்பைப் படிக்கட்டடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேடை ஏறினாள்.

பிறகு வாசகர் கேள்விகள்.

அவர்கள் தமிழில் கேட்டார்கள். இவள் குனிந்து ஆங்கிலத்தில் சொல்வதுபோல் சொன்னாள். வெள்ளைக்காரி தலையாட்டினாள். இவள் நிமிர்ந்து தமிழில் பதில் சொன்னாள். தன் கதைக்குத் தானே 'மேடம் சொல்றாங்க' போட்டு, நான்கு பதில்கள். ஒவ்வொரு மேடமும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

ஐந்தாவதாக எழுந்தவர் கையில் நாலாவது நாவல். மடக்கி மடக்கிப் படித்து அட்டை தளர்ந்திருந்தது.

"நான் லீட்ஸ்ல பன்னெண்டு வருஷம் இருந்தவன். இதுல பாதிரியார் வீட்டு வாசல்ல ஷூ வெச்ச எடம் ஈரமா இருக்குது, அத வெச்சுக் கொலகாரனப் பிடிக்கிறாங்க. கொல பண்ண வந்தவன் வாசல்ல ஷூவக் கழட்டி வெச்சுட்டா உள்ள போவான்? அங்க ஷூவோட அப்படியே வீட்டுக்குள்ள போறவங்கதானே. ஒரு இங்கிலீஷ்கார அம்மா இத எப்படி எழுதினாங்க?"

கூட்டம் சிரித்தது.

அவளுக்குத் திக்கென்றது. மழை தெரியும். காற்று தெரியும். இது தோன்றவே இல்லை. வீடு என்று எழுதியதுமே கை தானாக அவனை வாசலில் நிறுத்திக் கழற்ற வைத்திருக்கிறது.

கோதண்டபாணி எட்டி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அது மேடம் எழுதினது இல்லைங்க. மொழிபெயர்ப்புல நடந்த தப்பு. அடுத்த பதிப்புல திருத்திடறோம்."

கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அவள் பக்கம் கையைக் காட்டினார்.

எட்டுப் புத்தகங்கள். ஆயிரத்துச் சொச்சம் பக்கங்கள். அத்தனையும் மார்கரெட்டுக்கு. ஒரே ஒரு தவறு மட்டும் அவளுக்கு.

அதையாவது முழுசாக வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

மைக்கைத் திரும்ப வாங்கினாள். பிடுங்கினாள் என்பதே சரி.

"தப்பு என்னோடதுதாங்க. மொழிபெயர்ப்புல வரல. எழுதும்போதே வந்துச்சு. நான் இங்கிலாந்தப் பார்த்ததில்ல. விழுப்புரத்துல நாங்க செருப்ப வாசல்லதான் விடுவோம்."

சிரிப்பு நின்றது.

கோதண்டபாணி மைக்கின் ஒயர் எங்கே போகிறது என்று தேடினார்.

வெள்ளைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பேனரைப் பார்த்தாள். தமிழ் தெரியாதவள்தான். ஆனாலும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடாமல் மேசைமேல் வைத்தாள். இறங்கிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நாற்காலி காலியானது.

கையெழுத்துக்கு நின்ற வரிசை கலையவில்லை. யாரும் முன்னே வரவும் இல்லை. அவளுக்குக் கோபம் துளியும் இறங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

லீட்ஸில் இருந்தவர் மட்டும் மேடையை நோக்கி வந்தார். ஷூ வரும் பக்கத்தில் விரல் வைத்து, நாலாவது நாவலை மூடியிருந்தார். கேலியா, மரியாதையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

படிக்கட்டடியில் நின்றார்.

குனிந்து, ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.