கடைசித் தேர்வு நாள்

பட்டத்துக்குப் பிறகு மருத்துவம் படிப்பதற்கான நுழைவுத் தேர்வுக்கு நேரம் வேண்டும் என்பதற்காகவே தக்ஷிகா பட்டப்படிப்பின் கடினமான பாடங்களை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளியிருந்தாள்.

தேர்வு மையத்தில் அவள் பெயர் இல்லை. நேற்று அவளுடைய இணையக் கணக்கிலிருந்தே யாரோ பதிவை ரத்துச் செய்திருந்தார்கள். இன்றுதான் கடைசி நாள், இனி அடுத்த ஆண்டுதான் என்றார் வரவேற்பாளர்.

கூடப் படிக்கும் யதுசனுக்குக் கடவுச்சொல் தெரியும். உடனே அழைத்துக் கத்தினாள்.

"போட்டிக்கு ஒராள் குறைஞ்சால் உனக்குச் சந்தோஷம், என்ன?"

பதில் கேட்காமலே வைத்துவிட்டாள். அவனை நம்பியதுதான் அதிகம் வலித்தது. அம்மாவை அழைத்தாள்.

"யதுசன் சோதினையை கான்சல் பண்ணிப்போட்டான் அம்மா!"

"அவனை ஏசாதை பிள்ளை. உன்ர லேப்டாப்பில நான்தான் செய்தனான். இண்டைக்கு உனக்குச் சந்திராஷ்டமம், தொட்டது துலங்காது. சொன்னால் கேட்பியே? வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பிறகு திறமான நேரம். அப்ப போய் எழுது."