பழப்புளியும் குத்துவாளும்

"அம்மா, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்!" பிரசாந்தினி கத்தியே விட்டாள்.

கணவன் வாகீசன் சேகரித்துச் சுவரில் மாட்டியிருந்த ஆறு பழைய ஜெர்மன் இராணுவக் குத்துவாள்களும் பளபளவென்று மின்னின. யாழ்ப்பாணத்திலிருந்து முந்தாநாள்தான் ரொறன்ரோ வந்திருந்த அம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"கறுத்துப்போய்க் கிடந்துது பிள்ளை. பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கிவிட்டன்."

"அந்தக் கறுப்புக்குத்தான் அம்மா மதிப்பு! நான் சும்மா துணியால துடைச்சதுக்கே அவர் ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை."

மிசிசாகாவில் வேலை முடிந்து வந்த வாகீசன், சப்பாத்தைக் கழற்றியபடியே சுவரைப் பார்த்தான்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மாமி," என்று சிரித்தான்.

பிரசாந்தினி அவனைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். "என்னப்பா, உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

"அசல் ஆறும் பேஸ்மென்ற் அலுமாரியில பூட்டிக் கிடக்கு. உதெல்லாம் ஒன்லைனில வாங்கிக் கறுக்க வைச்ச போலி. மாமிக்கு ரிக்கெற் போட்ட அண்டைக்கே மாத்திப்போட்டன்."

"அப்ப சுவரைச் சும்மா விட்டிருக்கலாமே?"

"போன முறை மாமி வீட்டுப் பாத்திரமெல்லாம் மினுக்கி முடிச்ச உடனை, இனி என்னத்தைச் செய்யிறதெண்டு பத்தாம் நாளே ஊருக்குத் திரும்பிப் போயிட்டா. நீ ஒரு மாசம் அழுதனீ."

வெளியே மாமியின் குரல் கேட்டது. "தம்பி, வேறை ஏதும் கறுத்துக் கிடக்கோ?"

"நாளைக்கு இன்னும் நாலு வருது மாமி!"